தவறு என்று எழுத மாட்டேன்

நாய் பொய் சொல்லாது என்பவர்கள் நாயோடு வேலை செய்திருக்க மாட்டார்கள். என்னுடைய லாப்ரடார் பொய் சொல்வாள். வெடிமருந்து வாசனை வந்தால் குரைக்காமல் அந்த இடத்திலேயே உட்கார வேண்டும், உட்கார்ந்தால் பந்து கிடைக்கும் என்பதுதான் அவளுக்குக் கற்றுக்கொடுத்தது. பந்து ஆசை மிஞ்சிப்போன நாளில் வெறும் பெட்டிக்கு முன்னாலும் உட்கார்ந்துவிடுவாள். அப்போது வாய் திறந்திருக்கும், வால் ஆடும், கண் என் மேல் இருக்கும். நிஜமாகவே வாசனை கிடைத்தால் வாய் மூடிக்கொள்ளும். மூச்சு சின்னச் சின்னதாக வெட்டும். என்னைத் திரும்பியே பார்க்க மாட்டாள்.

இதைப் படிக்க எனக்கு நான்கு வருடம் ஆனது.

எங்கள் வீடு கேரள எல்லையில், மீனாட்சிபுரத்துக்குப் பக்கத்தில். இரண்டு வேளையும் சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிற குடும்பம். பாதுகாப்புப் படையில் சேர்ந்த பிறகு, நாய்ப் பிரிவு வேண்டும் என்று நானாகத்தான் எழுதிக் கேட்டேன். அம்மாவிடம் சொன்னபோது கறவையை நிறுத்தாமலே கேட்டாள்.

“நாய் மேய்க்கறதுக்கா இத்தனை படிச்சே? ஊட்டுல எருமை இல்லியா?”

“எருமை மேச்சா யூனிபார்ம் குடுக்க மாட்டாங்கம்மா.”

அதற்குப் பிறகு என்னைப் பெண் பார்க்க வந்த இரண்டு குடும்பம் வேலையைக் கேட்டதும் காப்பியோடு சரி என்று எழுந்து போனது. போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

கேரளத்து விமான நிலையம் ஒன்றில் பணி. அந்த வருடம் என் நாய் உட்கார்ந்த இரண்டு பெட்டிகளிலும் ஒன்றும் கிடைக்கவில்லை. முதல் முறை அவள் ஏமாற்றினாள். எனக்குத் தெரியும், நானே ‘தவறான அறிகுறி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இரண்டாவது என்னவென்று இன்றுவரை தெரியாது, அதற்கும் போட்டேன். மூன்றாவதும் அப்படி வந்தால் நாயை வேலையிலிருந்து இறக்கிவிடலாம் என்று இன்ஸ்பெக்டர் சொல்லிவைத்திருந்தார். அவளுக்கு வயதாகிவிட்டது என்பது அவர் எண்ணம். அவளுக்கு ஏழு வயது.

அன்று காலை வளைகுடா விமானத்துக்கான வரிசை. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா, தனியாக, தள்ளுவண்டியில் ஒரு பழைய கான்வாஸ் பையோடு நின்றார். நாய் பையைத் தாண்டிப் போனாள். சட்டென்று திரும்பினாள். அடியில் மோந்தாள். வாய் மூடியது. உட்கார்ந்தாள்.

பையைத் தனியிடத்துக்குக் கொண்டுபோனார்கள். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை, திறந்தால் சேலை, முறுக்கு, மாங்காய் ஊறுகாய், குழந்தைக்கு வேப்பெண்ணெய். கைப்பிடியிலும் ஜிப்பிலும் துணியால் துடைத்து, வெடிமருந்துத் தடயம் காட்டும் இயந்திரத்தில் வைத்தார்கள். சுத்தம். அபாயம் எதுவும் இல்லை என்று முடிவானது.

“ஊறுகாய்க்கு உட்கார்ந்திருக்கிறது உன் நாய்,” என்றார் இன்ஸ்பெக்டர் மலையாளத்தில். படிவத்தை என் பக்கம் தள்ளினார். “எழுது. தவறான அறிகுறி.”

“எழுத மாட்டேன் சார்.”

அவர் நிமிர்ந்தார். நான் அதுவரை அப்படிப் பேசியதில்லை. எனக்கே காது சூடானது.

“உத்தரவு இது.”

“தவறுன்னா நானே எழுதுவேன் சார். முன்னால எழுதியிருக்கேன். இது தவறு இல்லை. பையைக் காலி பண்ணி, வேற பைகளோட கலந்து வையுங்க. நான் வெளியே நிக்கறேன். எது எங்கே இருக்குன்னு எனக்குத் தெரியக் கூடாது. எல்லாத்தையும் துணி போட்டு மூடிடுங்க.”

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தார். ஆனால் சுற்றி நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பத்து நிமிடம் கொடுத்தார்.

சக காவலர் ஒருவர் ஆறு பைகளை வரிசையாக வைத்து மூடினார். நாயை அழைத்துக்கொண்டு உள்ளே போனேன். கயிற்றைத் தளர விட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, எதிலும் நிற்கவில்லை. ஐந்தாவதில் உட்கார்ந்தாள். துணியை விலக்கினால் அதே கான்வாஸ் பை. பந்தை எறிந்தேன். அதற்கு நான் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

அந்த அம்மா மூலையில் ஒரு நாற்காலியில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மலையாளத்திலும் இந்தியிலும் எல்லோரும் கேட்டதற்கு அவர் தலையை மட்டும் ஆட்டியிருக்கிறார். நான் போய்ப் பக்கத்தில் குந்தினேன்.

“ஏனுங்கம்மா, இந்தப் பையி யாரோடதுங்க?”

அவர் முகம் மாறியது. “அம்மிணி, நம்மூருங்களா?” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே அவர் ஊர். “எங்க ஊட்டுக்காரரோடதுங்க. பாறைக் கெணத்துக்கு வெடி வெக்கற வேலை அவருக்கு. காண்ட்ராக்டர்கிட்ட வெடித் தோட்டாவும் திரியும் வாங்கி இதுலதாங்க கொண்டுட்டுப் போவாரு. முட்டி வலின்னு நிறுத்திப்போட்டாரு. மூணு தரம் சோப்புப் போட்டுத் தொவைச்சனுங்க. புள்ளைக்குக் கொழந்தை பொறந்திருக்குது, நல்ல பையி எங்கீங்க இருக்குது எங்ககிட்ட?”

பையின் அடியில் இருந்த அட்டையை எடுத்து, அதன் கீழே தையல் ஓரத்தைத் துடைத்தார்கள். இயந்திரம் கத்தியது.

நான் ஜெயித்தேன் என்று நினைக்கவே நேரம் கிடைக்கவில்லை. ஊறுகாய் என்று சிரித்த அதே இன்ஸ்பெக்டர் இப்போது அந்த அம்மாவை எழுந்து நிற்கச் சொல்லி அதட்டினார். குற்றவாளியோடு பேசுகிற குரல். அந்த அம்மா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். நாய் எழுந்து என் காலோடு ஒட்டிக்கொண்டாள்.

“சார், பையில வாசனை இருக்குன்னுதான் நாய் சொல்லிச்சு. இவங்க திருடின்னு சொல்லலை. போலீஸ் வரட்டும், விசாரிக்கட்டும். அதுவரைக்கும் இவங்க உட்கார்ந்துதான் இருப்பாங்க.”

நாற்காலியை நானே இழுத்துப் போட்டேன்.

போலீஸ் வந்தது. உள்ளூர் ஸ்டேஷனுக்குப் போன் செய்து, கணவரையும் காண்ட்ராக்டரையும் விசாரித்து, உரிமம் சரி என்று தெரியப் பிற்பகல் ஆனது. அந்த அம்மா சொன்னதையெல்லாம் நான்தான் மொழிபெயர்த்தேன். விமானம் போய்விட்டது. மாலை விமானத்தில் இடம் கொடுத்தார்கள். பையை வைத்துக்கொண்டார்கள். சேலைகளையும் முறுக்கையும் ஒரு அட்டைப்பெட்டியில் அடுக்கி நானும் அவரும் சேர்ந்து கயிறு கட்டினோம். என் ஷிப்ட் எப்போதோ முடிந்திருந்தது. கிளம்பும்போது நாயைத் தொடலாமா என்று கேட்டார். தொட்டார். “உன்னாலதான் இத்தனை பாடு,” என்று அவள் காதை இழுத்துச் சிரித்தார்.

பதிவேட்டில் ‘சரியான அறிகுறி’ என்று இன்ஸ்பெக்டரே எழுதினார். ஒரு வாரத்தில் எனக்கு மெமோ வந்தது, மேலதிகாரியின் உத்தரவை மீறியதற்கு விளக்கம் கேட்டு. நடந்ததை நடந்தபடி இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். இன்ஸ்பெக்டர் கூப்பிட்டு, கொஞ்சம் இறங்கிய குரலில், “வருந்துகிறேன் என்று ஒரு வரி சேர். ஃபைலை மூடிவிடுகிறேன்,” என்றார்.

“வருத்தம் இருந்தா சேர்த்திருப்பேன் சார்.”

ஃபைல் மூடப்படவில்லை. அந்த வருடப் பதவி உயர்வுப் பட்டியலில் நான் இல்லை. பட்டியல் ஒட்டிய பலகையின் முன்னால் நின்று மேலிருந்து கீழ்வரை இரண்டு முறை படித்தேன். வலித்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். பிறகு கூண்டுக்குப் போய் அவளை அவிழ்த்து, காது துடைத்து, கயிறு மாட்டினேன். அன்று புறப்பாட்டு வாசலில் கூட்டம் அதிகம்.