யுரேனஸின் கரகரப்பு

அம்மா வீட்டு அலமாரியில் அக்காவின் சின்ன ரேடியோ இன்னும் இருக்கிறது. அதன் முள் இரண்டு நிலையங்களுக்கு நடுவே நிற்கிறது. பாட்டுக் கேட்கிறவர்கள் யாரும் அங்கே நிறுத்த மாட்டார்கள்.

அக்கா ஆம்பூர்ப் பக்கம் தோல் பதனிடும் ஒரு டேனரியில் காயவைக்கும் வேலை பார்த்தாள். மொட்டை மாடியில் வரிசையாகத் தோல்கள் தொங்கும். மழைத்துளி பட்டால் கறை விழும். சூப்பர்வைசர் நாள் முழுக்கக் கத்துவார். அதனால் அங்கிருந்த பெண்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். ரேடியோவை நிலையம் இல்லாத இடத்தில் திருப்பி விட்டால், மேகம் கண்ணில் படும் முன்பே தூரத்து மின்னல் அதில் கரகரக்கும். உடனே ஓடித் தோலை எடுத்துவிடுவார்கள். ஒரே தொல்லை, கீழே தோலைத் தேய்க்கும் பஃபிங் மெஷின் ஓடினாலும் அது கரகரக்கும். அதை நம்பி ஓடி, சுள்ளென்ற வெயிலில் அசடு வழிய நின்றுவிட்டு இறங்குவார்கள். அக்காதான் அதிகம் ஓடுவாள், கிண்டலும் அவளுக்குத்தான் அதிகம்.

ஒரு நாள் அவளுக்கு நான் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன். லேசான மூட்டம். காய்ந்த தோல்களை எடுத்துவர அவள் எழுந்தபோது ரேடியோ கரகரத்தது.

"மின்னல் கிட்ட வந்துட்ட மாதிரி கீது, கொஞ்சம் நில்லுக்கா," என்றாள் கூட வேலை செய்த பெண்.

"மெஷினு சத்தம்டி அது. எத்தினி வாட்டி இதே பேஜாரு," என்று சிரித்துக்கொண்டே அக்கா படியேறினாள்.

அவள் சொன்னதும் எங்களுக்கும் அது மெஷின் சத்தமாகத்தான் கேட்டது. கரண்ட் போய் வெகு நேரமாகியிருந்தது. தலைக்கு மேலே ஃபேன்கூட நின்றிருந்தது. ரேடியோ மட்டும் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. மெஷின் எப்படி ஓடும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மின்னல் மாடியில் விழுந்தது. அக்கா இறங்கி வரவில்லை.

நான் அழவில்லை. வீட்டுக்கு வந்து சாப்பாட்டுத் தூக்கைக் கழுவிக் கவிழ்த்தேன். சம்மணமிட்டு உட்கார்ந்த கால்போல மனது மரத்துவிட்டது. கால் என்றால் நாலு எட்டு நடந்தால் சரியாகிவிடும்.

இப்போது என் பிழைப்பு யுரேனஸ் என்ற பனிப் பெருங்கோள். அதன் அருகே ஒரே ஒரு விண்கலம்தான் போயிருக்கிறது. அங்கே மின்னலை யாரும் பார்த்ததில்லை. அந்தக் கலத்தின் ரேடியோ பதிந்த கரகரப்பு மட்டும் நம்மிடம் இருக்கிறது. அந்தப் பழைய பதிவில், எது மின்னல், எது கலத்தின் சொந்த இரைச்சல் என்று பிரிப்பது என் வேலை. அந்த நேரத்தில் எந்தக் கருவி ஓடிக்கொண்டிருந்தது என்று முதலில் பார்ப்பேன். அதற்காக ஆபீசில் என்னைப் பாராட்டுகிறார்கள். சரி என்று கேட்டுக்கொள்கிறேன்.

போன முறை ஊருக்குப் போனபோது, அப்படி என்னதான் வேலை என்று அம்மா கேட்டாள். சொன்னேன்.

"அங்கியும் மின்னல் அடிக்குதா?"

"அடிக்குது போலத்தாம்மா இருக்குது."

"ஜனங்க இருக்காங்களா அங்க?"

"யாரும் இல்லம்மா."

"அப்ப சரி," என்றாள் அம்மா. பிறகு ரேடியோவை எடுத்து, முள் நகர்ந்துவிடாமல் முந்தானையால் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தாள்.