எட்டு விநாடியில் திரும்பிய முகம்

இது 1931இல் கண்டியில் நடந்தது. பஹ்மி இதைத் தன் வாழ்நாளில் மூன்று பேரிடம்தான் சொன்னார். மூவரிடமும் ஒரே மாதிரி, மணி, நிமிடம் பிசகாமல். அந்த மூவரில் ஒருவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை.

அலவத்துகொடைக்காரரான பஹ்மி, டவுனில் சுந்தரலிங்கத்தின் ஸ்டூடியோவில் வேலை பார்த்தார். சுந்தரலிங்கம் யாழ்ப்பாணத்தவர். படம் பிடிப்பது அவர். இருட்டறைக்குள் அதைக் கழுவி எடுப்பது பஹ்மி.

ஒரு வியாழக்கிழமை காலை சுந்தரலிங்கத்தை ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். அழகர் என்ற தோட்டத் தொழிலாளியின் மனைவி காத்தாயி, காய்ச்சலில் இறந்துபோயிருந்தாள். இரவு ஒன்றேகாலுக்கு உயிர் போனதாகத் தோட்டத்து மருந்துக்காரர் இராஜரத்தினம் பார்த்துச் சொல்லியிருந்தார். இந்தியாவில் இருந்த அவள் தாய் மகளைக் கண்டு ஒன்பது வருடம். முகத்தையாவது படத்தில் பார்க்கட்டும் என்று அழகர் கேட்டுக்கொண்டார்.

பிணத்தைக் கதிரையில் சாய்த்து, தலையை ஒரு பக்கம் சரித்து வைத்தார்கள். பக்கத்தில் அழகர் நின்றார். அழகர் குடியிருந்த லயத்துக் காம்பராவில் வெளிச்சம் போதவில்லை. அதனால் லென்ஸ் மூடியை எட்டு விநாடி திறந்து வைக்க வேண்டியிருந்தது. சுந்தரலிங்கம் கடிகாரத்தைப் பார்த்தபடி விநாடி எண்ணினார். எடுத்தது ஒரே ஒரு பிளேட். அது கெட்டால் காத்தாயியின் முகம் உலகத்தில் இல்லை.

பிற்பகல் 2.10. பஹ்மி இருட்டறைக் கதவைப் பூட்டினார். சிவப்பு விளக்கு மட்டும். கண்ணாடிப் பிளேட்டை டெவலப்பர் தட்டில் போட்டு மெல்ல ஆட்டினார். சளக்... சளக்... நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். வெள்ளை கறுப்பாக வரும், கறுப்பு வெளிச்சமாகத் தெரியும். முதலில் காத்தாயியின் வெள்ளைச் சேலை கறுத்து வந்தது. பிறகு சுவர். பிறகு அழகரின் முகம்.

காத்தாயியின் முகம் மட்டும் வரவில்லை.

2.14. வந்தது. ஆனால் கலங்கி வந்தது.

பஹ்மிக்கு விளங்கவில்லை. எட்டு விநாடி என்பது நீண்ட நேரம். உயிருள்ளவர் மூச்சு விட்டாலும் படம் கலங்கும். பிணம் கலங்காது. கல் மாதிரி விழும். இங்கே அழகர் தெளிவாக இருந்தார்.

படத்தை நிலைக்க வைக்கும் ஹைப்போக் கரைசலில் போட்டார். நெகட்டிவ் நிலைக்கும்வரை காத்திருந்தார். எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தார்.

ஒரே கழுத்தில் இரண்டு முகம். ஒன்று சரிந்தபடி, இமை மூடி. மற்றது நிமிர்ந்து, அழகர் பக்கம் திரும்பி...

இமை இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு வெளிச்சப் புள்ளிகள்.

கண் திறந்திருந்தது.

கதவைத் திறந்தார். வெளியே சுந்தரலிங்கம் நின்றார்.

"ஐயா, இவ மவுத்தானவதானே?"

"ஓம். ஏன்?"

பஹ்மி பிளேட்டை நீட்டினார். சுந்தரலிங்கம் ஜன்னலோரம் போய்ப் பார்த்தார். சட்டென்று கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"நாலு மணிக்கு அடக்கம் எண்டவை," என்றார்.

உயிரோடு புதைக்கப் போகிறார்கள். இருவருக்கும் அதே நினைப்பு. வாடகைக் கார் ஒன்றைப் பிடித்து மலையேறினார்கள். பாதி வழியில் பாதை முடிந்தது. மீதியை ஓடினார்கள். 3.40க்கு மயானம். பெட்டியைக் குழிக்குள் இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"நிப்பாட்டுங்கோ!" என்று கத்தினார் சுந்தரலிங்கம்.

பெட்டியைத் திறந்தார்கள். இராஜரத்தினம் நாடி பார்த்தார். மூக்கருகே கண்ணாடி பிடித்தார். கையைத் தூக்கிப் பார்த்தார். அது மரக்கட்டையாக விறைத்திருந்தது. உயிர் போய்ப் பதினாலு மணித்தியாலம் தாண்டிவிட்டது, சந்தேகமே இல்லை என்றார். கூட்டம் இருவரையும் முறைத்தது. அழகர் மட்டும் காத்தாயியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

புதைத்தார்கள்.

ஒன்பது நாள் கழித்து, சனிக்கிழமை பகல் பதினொரு மணிக்கு அழகர் படத்துக்காக ஸ்டூடியோவுக்கு வந்தார். சுந்தரலிங்கம் இல்லை. பஹ்மி தயங்கித் தயங்கிப் பிரிண்டைக் கொடுத்தார். இரண்டு முகமும் அதில் பளிச்சென்று விழுந்திருந்தன.

அழகர் நெடுநேரம் பார்த்தார். திடுக்கிடவில்லை. அதுதான் பஹ்மியைப் பயமுறுத்தியது.

படத்தைத் திருப்பிக் கொடுத்து, மாமியாரின் விலாசம் எழுதிய காகிதத்தையும் வைத்தார். நீங்களே தபாலில் போட்டுவிடுங்கள் என்றார்.

"அவ திரும்பினது உங்களுக்குத் தெரியுமா?" என்று பஹ்மி கேட்டார்.

"தெரியுங்க."

"ஏன் சொல்லல்ல?"

அழகர் குரலைத் தாழ்த்தினார்.

"உசுரோட இருக்கையில அவ ஒருநாளும் எம் பேரைச் சொன்னதில்லைங்க. புருசன் பேரைச் சொல்லக்கூடாதில்ல. அன்னைக்கு... என்னப் பாத்து, பேர் சொல்லிக் கூப்பிட்டா. மெதுவாத்தான். நானும் வர்றேன்னு மனசுக்குள்ள சொல்லிட்டேன்."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்.

திங்கட்கிழமை காலை ஆறு மணி. தோட்டத்துப் பெரட்டுக்களத்தில் வேலைக்கு ஆள் எடுக்க, கணக்கப்பிள்ளை ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டார்.

அழகர் பெயரை இரண்டு தரம் கூப்பிட்டார்.

பதில் வரவில்லை. லயத்துக்குப் போய், அவர் காம்பராக் கதவை உடைத்துத்தான் திறந்தார்கள். காய்ச்சல் இல்லை, காயம் இல்லை. மனிதரின் உயிர் போயிருந்தது.