ஒழுங்காகப் பூட்டிய இரண்டு வீடுகள்

கொழும்புக் கம்பெனியில் என் தற்காலிக வேலைக்கு அன்றோடு கெடு முடிந்தது. நான்கு மணிக்கு மேலாளர் போனில் பேசுவார். என் பதில் பிடித்தால் வேலை நிரந்தரம், பிடிக்காவிட்டால் வீட்டுக்குப் போ என்பார். வட்டகொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்தில் எங்கள் வீட்டுக் காம்பராவில் உட்கார்ந்துதான் வேலையே செய்தேன் என்பது வேறு விஷயம்.

கணினியின் அடிமட்டத்தில் கெர்னல் என்று ஒன்று ஓடுகிறது. அதற்குள் எந்த ஃபங்ஷன் என்னும் கட்டளைத் துண்டு எப்போது ஓடியது என்று குறித்துவைக்கும் நிரல் எழுதினேன். குறிக்கும்போது வேறு யாரும் கைவைக்காதபடி பூட்டுப் போட வேண்டும். ஏடாகூடமாகப் பூட்டினால் மொத்தக் கணினியும் அப்படியே நின்றுவிடும். என் நிரலில் அது நடக்கவே நடக்காது என்று மார்தட்டத் தயாராக இருந்தேன்.

மூன்றரைக்குக் கடைக்குப் போய்த் திரும்பினால் எங்கள் வீடும் பூட்டு, பக்கத்து வீட்டு அத்தை வீடும் பூட்டு. லேப்டாப் உள்ளே. எங்கள் லயத்தில் வெளியே போகிறவர்கள் சாவியைப் பக்கத்து வீட்டுக்குள் இருக்கும் ஆணியில் மாட்டிவிட்டுப் போவது வழக்கம். கோயிலடியில் நடந்த தோட்டத் தொழிற்சங்கக் கூட்டத்துக்கு ஓடினேன். அம்மாவும் அத்தையும் முன்வரிசையில் இருந்தார்கள்.

"சாவி எங்கம்மா?"

"அத்தை வீட்டு ஆணியில மாட்டிட்டேன்டா."

"அத்தை, ஒங்க சாவி?"

"ஒங்க வீட்டு ஆணியிலதான். வேற எங்க மாட்டுவேன்?"

ஒவ்வொன்றாக விசாரித்தேன். அம்மா அங்கே போய் மாட்டிய அதே நேரத்தில் அத்தை இங்கே வந்து மாட்டியிருக்கிறார். பிறகு அவரவர் வாசலுக்குத் திரும்பி, அமுக்கினால் பூட்டிக்கொள்ளும் பூட்டை அமுக்கிவிட்டு, கதை பேசிக்கொண்டே வந்துவிட்டார்கள்.

"ரெண்டு பேரும் ஒழுங்காத்தானே பூட்டியிருக்கோம்?" என்றார் அத்தை. அவரையும் இழுத்துக்கொண்டு ஆத்திரத்தோடு லயத்துக்கு ஓடினேன்.

நான்கு மணிக்கு லேப்டாப் இல்லாமல் வாசலில் நின்று போனை எடுத்தேன். பின்னால் அத்தை தன் பூட்டைக் கல்லால் இடித்துக்கொண்டிருந்தார். என்ன சத்தம் என்று மேலாளர் கேட்க, நடந்ததைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினேன்.

என் நிரல் தன் பூட்டைப் பிடித்துக்கொண்டு கெர்னலின் பூட்டுக்குக் காத்திருக்கும். அது கண்காணிக்கும் ஃபங்ஷனோ கெர்னலின் பூட்டைப் பிடித்துக்கொண்டு என் பூட்டுக்குக் காத்திருக்கும். ஒருவர் சாவி மற்றவர் பூட்டுக்குள் மாட்டிய அம்மா, அத்தை கதைதான்; இரண்டும் நகராது. இத்தனை நாளும் என் கண்ணில் படவில்லை.

சொல்லாமல் விட்டிருக்கலாம். மனிதர் நல்ல மனநிலையில் வேறு இருந்தார்.

"சேர், என் நிரலை எடுத்துக்காதீங்க. அதுலயும் ரெண்டு சாவியும் உள்ள மாட்டிக்கிச்சு" என்றேன். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

"தெரியும். போன கிழமையே பாத்துட்டேன். நீங்களா சொல்லுவீங்களான்னுதான் காத்துக்கிட்டு இருந்தேன். திருத்தி அனுப்புங்க, வேலை ஒங்களுக்குத்தான்" என்றார்.

அப்படியே படியில் உட்கார்ந்து அழுதேன். தன்னால்தான் என் வேலை போனது என்று அத்தை நினைத்துவிட்டார். தன் பூட்டை உடைத்து எங்கள் சாவியை எடுத்து வந்திருந்தவர், அதைக் கையில் வைத்துக்கொண்டே எங்கள் பூட்டையும் கல்லால் இடிக்கத் தொடங்கினார்.