பதினோராம் பாட்டை முதலில் கேட்ட ஊர்

ஓதுவார் தொழிலில் தொண்டை கட்டினால் மருந்துண்டு. கேட்பவர் கொட்டாவி விட்டால் மருந்தில்லை. குரலை நம்பிப் பிழைக்கும் அன்பர்கள் இதை மறுக்கமாட்டீர்கள்.

கம்பம் ஊரின் சிவன் கோயிலில் பதிகம் பாடிவந்த என்னைச் சென்ற ஆண்டு பாஸ்தெர் என்னும் ஊருக்கு அழைத்தார்கள். கடலுக்கு அப்பால் பிரெஞ்சு ஆட்சியில் உள்ள குவாதலூப் தீவின் தலைநகரம் அது. முன்னே கடல், பின்னே எரிமலை, நடுவே நம் கம்பத்தைவிடச் சிறிய ஊர். பிரெஞ்சுக்காரரின் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகக் கப்பலேறிய தமிழரின் வழிவந்தவர்கள் அங்கே ஒரு சிவாலயத்தைப் புதுப்பித்திருந்தார்கள். குடமுழுக்கன்று பதினொரு பாடல் கொண்ட ஒரு பதிகத்தைத் தங்கள் வாயாலேயே பாட வேண்டும் என்பது அவர்களின் ஆசை. அவர்களுக்கோ தமிழ் தெரியாது. என் விசாவோ மூன்று மாதம்.

தண்டு கேட்ட படலம்

மடைப்பள்ளிப் பணிக்கு என்னுடன் வந்தவர் ஓடைப்பட்டிக் கருப்பையா. பாஸ்தெரைச் சூழ்ந்த வாழைத் தோட்டங்களைக் கண்டதும் அவருக்குச் சொந்த ஊருக்கே வந்துவிட்ட பூரிப்பு. தார் வெட்டிச் சாய்த்த மரங்களைக் காட்டித் தோட்டக்காரரிடம் தண்டு கேட்டார். மொழி இல்லாததால், உரிப்பதுபோலும் உண்பதுபோலும் அபிநயித்தார். தோட்டக்காரர் பதறி வீட்டுக்குள் ஓடி, ரொட்டியும் வெண்ணெயும் கொண்டுவந்து நீட்டினார்.

இரண்டையும் சுமந்து வந்த கருப்பையா சொன்னார்: "அய்யா, நம்ம பட்டினி கெடக்கோம்னு நெனச்சுட்டாக. வேணாம்னா அவுக மனசு சங்கடப்படும்ல? ரொட்டிய வாங்கிக்கிட்டேன். தண்டையும் விடல."

திருநீறும் சிலுவையும்

மாணவர்களுக்குத் தலைவி மரி அம்மையார்; அஞ்சலகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். முதல் நாள் நான் அளித்த திருநீற்றைப் பணிவோடு நெற்றியில் தரித்தார். மறுகணமே, நெற்றியிலிருந்து மார்புக்கும் தோள்களுக்கும் விரலைக் கொண்டுபோய்ச் சிலுவைக் குறியிட்டார். பாட்டை நிறுத்தி, இது என்ன வழக்கம் என்று கேட்டேன்.

எங்களுக்கு மொழிபெயர்த்தவர், அங்கே மருந்துக்கடை நடத்தும் புதுச்சேரிக்காரர் செல்வநாதன். அம்மையார் கூறியதை அவர் தமிழில் சொன்னார்: "காலைல மாதா கோயில், சாயங்காலம் நம்ம கோயில். ரெண்டு வீட்லயும் சோறு கிடைக்கிற பிள்ளைக்கு என்னங்க நஷ்டம்?"

பலன் எங்கே இருக்கிறது?

இரண்டு மாதம் கழிந்தும் நான்கு பாடல்தான் தேறியிருந்தது. ஊக்கமூட்ட எண்ணி, "பதினோராம் பாட்டு, முன்னுள்ள பத்தையும் பாடியவர் பெறும் பேற்றைச் சொல்வது, வினை தீரும், வானுலகு கிட்டும்" என்று விளக்கினேன். என் வாயே எனக்குப் பகையாயிற்று. மறுநாள் அத்தனை பேரும், என் குரலைப் பதிந்து வைத்திருந்த கைப்பேசியைக் கேட்டுக் கேட்டு, பதினோராம் பாட்டை மட்டும் பிழையின்றி மனனம் செய்து வந்தார்கள்.

நான் கடிந்துகொண்டேன். மரி அம்மையார் கலங்கவில்லை. செல்வநாதன் தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தார்: "பலன் பதினொண்ணுல இருக்குதுன்னா, நடுவுல பத்து பாட்டு எதுக்குன்னு கேக்கிறாங்க."

குடமுழுக்கு

எஞ்சிய ஒரு மாதத்தில் மற்றப் பாட்டுகளையும் தட்டுத்தடுமாறிக் கற்றிருந்தார்கள்; அவர்கள் தடுமாறும் இடத்தில் நான் குரல் கொடுத்துத் தாங்கிக்கொள்வது என்றுதான் திட்டம். முந்தைய நாள் பெய்த மழையில் நனைந்து என் தொண்டை அடைத்துவிட்டது. கலசத்தின்மேல் நீர் வார்த்தார்கள். ஊரே எங்களைப் பார்த்தது. மரி அம்மையார் கண்ணை மூடித் தொடங்கினார், பதினோராம் பாட்டை!

பலனைப் பெற்றுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்களோ என்று நடுங்கி, ஒற்றை விரலை உயர்த்தி முதற்பாட்டைச் சைகையால் கெஞ்சினேன். அவர் காணவில்லை. ஆனால் அப்பாட்டு முடிந்ததும் முதற்பாட்டு எழுந்தது. தொடர்ந்து இரண்டு, மூன்று என்று பத்தும் வந்தன. பண் மட்டும் மாதா கோயில் பாடற்குழுவைப்போல் அசைந்தாடியது. ஒரு சொல் தவறவில்லை. நிறைவில் பதினோராம் பாட்டை மீண்டும் பாடி முடித்தார்கள்.

அடைத்த குரலில் காரணம் வினவினேன். அம்மையாரின் மறுமொழியைச் செல்வநாதன் சொன்னார்: "எங்க பூட்டனெல்லாம் முன்பணம் வாங்கிட்டுத்தான் கப்பல் ஏறினாங்க. வாங்கின பிறகு வேலையை முடிக்காம விட்டதில்ல. சாமிகிட்ட மட்டும் ஏமாத்துவோமா?"

கம்பத்துக்குத் திரும்பியபின், மூன்றாம் பாட்டிலேயே செருப்பைத் தேடி எழும் அன்பர்களைக் காணும்போதெல்லாம், இவர்களுக்கும் பலனை முன்பணமாகக் கொடுத்துக் கட்டிப்போட்டால் என்ன என்று ஓர் அபசாரமான எண்ணம் தோன்றுகிறது, சிவசிவ!