அவர் அடுக்கி வைத்த திரை

கணினி வேகமாக இருக்க வேண்டும் என்று நினைத்தது தவறா? இன்றும் எனக்குத் தெரியவில்லை.

கணவர் இறந்த பிறகு, அவருடைய பழைய லினக்ஸ் மடிக்கணினியில்தான் மகள் படிக்கிறாள். அது திறப்பதற்குள் வகுப்பே தொடங்கிவிடும். வண்டியூரிலிருந்து வந்த என் தம்பி, "ஆட்டுக்கல்லு மாதிரி இம்புட்டு கனமா இருக்கேக்கா! திரைக்கு லேசான டெஸ்க்டாப் மென்பொருள் ஒண்ணு போட்டா பறக்கும். பழைய மென்பொருளும் இருக்கட்டுமா?" என்றான்.

"இடத்தை அடைக்கும், அமைப்புகளோட எடுத்துருடா" என்றேன்.

கணினி பறந்தது. மகளோ, "அப்பா கட்டுன வீட்டைக் காணோம்மா" என்று அழுதாள். அவளுடைய பாடக் கோப்புறைகளை அவர் திரையில் வீட்டு வடிவில் அடுக்கியிருந்தார். கோப்புகள் பத்திரமாக இருந்தன. அமைப்புகளும் அழிந்துவிட்டதால், பழைய டெஸ்க்டாப் மென்பொருளை மறுபடி நிறுவியும் அந்த அடுக்கு மட்டும் வரவில்லை.

இப்போதெல்லாம் அவளைக் கேட்காமல் எதையும் மாற்றுவதில்லை. "அப்பா வச்ச மாதிரியே வச்சுத் தாம்மா" என்கிறாள். எது கூரை, எது வாசல் என்று எனக்கு நினைவில்லை. தோராயமாக அடுக்கிக் கொடுக்கவா, நினைவில்லை என்று சொல்லிவிடவா? நீங்கள்தான் சொல்ல வேண்டும்.