நான் அனுப்பிய ‘ஆன்’

எங்கள் வயல் மோட்டாருக்கு மொபைல் ஸ்டார்ட்டர் வந்த வருஷம் நான் ஆறாம் வகுப்பு. அந்தப் பெட்டிக்குள் ஒரு சிம் கார்டு. ‘ஆன்’ என்று மெசேஜ் போட்டால் மோட்டார் ஓடும், ‘ஆஃப்’ போட்டால் நிற்கும். பச்சை விளக்கு படபடவென்று சிமிட்டினால் பெட்டி டவரைத் தேடுகிறது. நிதானமாகச் சிமிட்டினால் டவர் கிடைத்துவிட்டது. டவர் இல்லாதபோது அனுப்பிய மெசேஜும் தொலையாது, கிடைத்ததும் வந்துவிடும். மாட்ட வந்தவர் இதையெல்லாம் சொன்னபோது அப்பா தீப்பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தார். கவனித்தது நான் ஒருத்திதான். அதனால் அந்தப் பெட்டிக்கு வீட்டில் நான்தான் இன்ஜினியர். என் தலைக்கனத்துக்குக் கேட்கவா வேண்டும்!

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் நானும் காட்டுமன்னார்கோயிலில் பஸ் ஏறி, சிதம்பரத்தில் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தோம். பெரியம்மா மகளிடம், “இங்கேருந்தே எங்க மோட்டாரப் போட்டுக் காட்டட்டா?” என்று பீற்றிக்கொண்டு, அம்மாவின் போனிலிருந்து ‘ஆன்’ அனுப்பினேன். போய்ச் சேர்ந்ததாகப் பதில் வரவில்லை. எனக்கு ஒரே அவமானம். அப்போது அம்மா அடுப்படியில் பெரியம்மாவிடம் பேசுவது கேட்டது.

“அவுரு இன்னிக்கு மோட்டாருக்கு பெல்ட்டு மாத்துறாரு. காலையிலேருந்து ஊர்ல கரண்ட்டே இல்லக்கா.”

கரண்ட் இல்லாமல் டவர் படுத்துவிட்டது, அதுதான் பதிலைக் காணோம். கரண்ட் வந்தால் டவர் வரும். டவர் வந்தால் பச்சை விளக்கு நிதானமாகும், என் ‘ஆன்’ போய் விழும். அப்பாவின் கை பெல்ட்டில் இருக்கும். ஆஃப், ஆஃப், ஆஃப் என்று அனுப்பிக்கொண்டே இருந்தேன். ஆனால் வரிசையில் முதலில் நிற்பது ‘ஆன்’ ஆயிற்றே!

அழுதுகொண்டே சொன்னேன். அம்மா அடிக்கவில்லை. அப்பாவுக்குப் போன் போட்டாள், பக்கத்து வயல்காரருக்குப் போட்டாள். எல்லாருக்கும் அதே டவர், ஒருத்தருக்கும் போகவில்லை. “செருப்ப மாட்டுடி” என்றாள்.

பஸ் பாதி வழிகூடப் போகவில்லை, போன் ‘டிங்’ என்றது. போய்ச் சேர்ந்துவிட்டது. பின்னாலேயே ஒவ்வொரு ‘ஆஃப்’புக்கும் ஒரு டிங். அம்மா உடனே அப்பாவுக்குப் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. என் கையை அவள் இறுக்கிய இறுக்கில் வளையல் பதிந்துவிட்டது. இனிமேல் அந்தப் பெட்டியைத் தொடவே மாட்டேன் என்று தெரிந்த சாமிகளிடமெல்லாம் சத்தியம் செய்தேன்.

இறங்கி வரப்பு மேல் ஓடினோம். மோட்டார் கொட்டகை வாசலில் அப்பா உட்கார்ந்திருந்தார். பத்து விரலும் இருந்தன. எண்ணிப் பார்த்தேன்.

அம்மா மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னாள். அப்பா என்னைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து மெயின் போர்டு பீஸ் கட்டைகள் மூன்றையும் எடுத்துக் காட்டினார்.

“பீஸப் புடுங்காம எவனாச்சும் மோட்டார்ல கைய வெப்பானா? அது ஓடவே இல்ல பாப்பா. இதுக்குப் போயி அழுவுறியே!”

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. என்ன கெட்டிக்காரர் என் அப்பா! மறுநாள் பள்ளிக்கூடத்தில்கூடச் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

அன்று கொட்டகைக்குள், மோட்டார் கப்பியில், காலையில் அவர் தோளில் போட்டிருந்த துண்டு நார்நாராகக் கிழிந்து சுற்றிக்கிடந்தது. அம்மாவும் அதைப் பார்த்தாள். அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். ஓடி வந்த களைப்பு என்று நினைத்து, நான் அவளுக்குக் குடிக்கத் தண்ணீர் எடுத்து வரப் போனேன்.