சித்தேரி மலைப் பாதையில் கவிழ்ந்த ஜீப்

தலைகீழாகக் கிடந்த ஜீப்பின் முன்சக்கரம் ஒன்று மட்டும் நிற்காமல் சுற்றிக்கொண்டிருந்தது. கண்ணைத் திறந்ததும் அதைத்தான் பார்த்தேன். மூங்கில் புதர் முறிந்த சத்தமும் தகரம் நசுங்கிய சத்தமும் அடங்கிப்போய், அந்தச் சக்கரம் சுற்றும் மெல்லிய ஓசை மட்டும் கேட்டது. எங்கோ சொட்டுச் சொட்டாக ஏதோ மண்ணில் விழுந்துகொண்டிருந்தது. பிறகு பெட்ரோல் நெடி மூக்கில் ஏறியது. அதற்கும் பிறகுதான் என் இரண்டு கைகளுக்குள்ளும் ஒரு கர்ப்பிணிப் பெண்ணை இறுக்கிக் கட்டிப் பிடித்திருக்கிறேன் என்பது எனக்கே தெரிந்தது. ஜீப்பின் பின்பக்கத் திறப்பு வழியாக, மெத்தையோடு சேர்ந்து நாங்கள் இருவரும் வெளியே சரிந்து விழுந்திருந்தோம்.

எழுபதுகளின் தொடக்கத்தில் அரூருக்கு அப்பால், சித்தேரி மலையடிவாரத்தில் இருந்த சுகாதார நிலையத்தில் நான் பிரசவம் பார்க்கும் நர்ஸாக இருந்தேன். அங்கே டாக்டரம்மாவும் நானும் ஏறக்குறைய ஒரே வயதுக்காரர்கள். அவர் சேலத்துப் பெண். அப்பா பட்டாளத்தில் வண்டிகளைப் பழுது பார்த்துவிட்டு வந்து சொந்தமாகப் பட்டறை போட்டவர். மருத்துவம் படித்த காலத்தில்கூட விடுமுறைக்கு வீட்டுக்குப் போனால் வண்டிக்கு அடியில் படுத்திருந்தவர் டாக்டரம்மா. புடவைக் கொசுவத்தைச் செருகிக்கொண்டு அவர் ஜீப் ஓட்டிப் போவதை ஆரம்பத்தில் சந்தைக்கு வந்தவர்கள் எல்லாம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஓரிரு மாதங்களில் அது பழகிப்போய்விட்டது. அன்று எங்கள் டிரைவர் காய்ச்சலில் படுத்திருந்தார். மலைமேலிருந்து ஓடி வந்த ஆள், ஒரு பெண்ணுக்கு முந்தின நாளிலிருந்து வலி, பிள்ளை வரவில்லை என்று சொன்னதும், டாக்டரம்மா சாவியைத் தாமே எடுத்துக்கொண்டார்.

மேலே போய்ப் பார்த்தபோது குழந்தை வயிற்றில் குறுக்கே கிடந்தது. அங்கே வைத்து எதுவும் செய்ய வழியில்லை. அறுவை செய்துதான் எடுக்க வேண்டும். அதற்கு அரூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். ஜீப்பின் பின்புறம் மெத்தையைப் போட்டு அவளைப் படுக்கவைத்து நான் அருகில் உட்கார்ந்தேன். அவள் கணவன் முன்னால் ஏறிக்கொண்டான். சாமை விதைக்கிற, கடுக்காய் பொறுக்குகிற மனிதன். அதற்கு முன் எந்த வண்டியிலும் ஏறியதில்லை என்று சொன்னான். அந்த மலைக்கு அப்போது தார்ச்சாலை கிடையாது. மூங்கில் லாரிகள் போய்ப் போய்த் தடம் பதிந்த மண்பாதைதான். முந்தின இரவு மழை பெய்திருந்தது. ஒரு வளைவில், பாதையின் வெளிப்பக்க மண் ஈரத்தில் ஊறிப்போய், எங்கள் சக்கரத்துக்குக் கீழேயே பிய்த்துக்கொண்டு சரிந்தது. ஜீப் வேகமாகக்கூடப் போகவில்லை. மெதுவாகச் சாய்ந்து, ஒரு பக்கமாக விழுந்து, வழுக்கிக்கொண்டே புரண்டு, மூங்கில் புதரில் மோதி நின்றது.

நான் எழுந்து உட்காருவதற்குள் டாக்டரம்மா அந்தப் பெண்ணின் தலைமாட்டில் மண்டியிட்டிருந்தார். முகமெல்லாம் மண். முதலில் அவளைப் பேசச் சொன்னார். கைகாலை அசைக்கச் சொன்னார். வயிற்றை அழுத்தி, கல்போல் இறுகவில்லை என்று பார்த்தார். இரத்தப்போக்கு இருக்கிறதா என்று என்னைப் பார்க்கச் சொன்னார், இல்லை. அதற்குப் பிறகு குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்கும் மரக்குழலை வயிற்றில் வைத்துக் காதைப் பதித்தார். நெடுநேரம் கழித்து, "இருக்கு" என்றார். அந்த ஒரு சொல்லுக்கு அவள் கணவன் கையெடுத்துக் கும்பிட்டான்.

"சிஸ்டர், இவங்களப் பாதைக்கு மேல கொண்டு போயிருங்க. ஜீப்புக்குக் கீழ்ப்பக்கம் யாரும் நிக்கக் கூடாது. பெட்ரோல் ஒழுகுது."

சத்தம் கேட்டு மூங்கில் வெட்டிக்கொண்டிருந்த ஆட்கள் சிலர் ஓடி வந்தார்கள். முன்னால் வந்தவர் வாயில் புகைந்துகொண்டிருந்த பீடி. "பீடிய அணைங்க! அங்கியே நில்லுங்க!" என்று டாக்டரம்மா போட்ட சத்தத்தில் அந்த மனிதர் பீடியை ஈர மண்ணில் போட்டு மிதித்துவிட்டு, அடிபட்டவர்போல நின்றார். டாக்டரம்மா ஊர்ந்து போய் முதலில் பாட்டரியின் கம்பியைக் கழற்றினார். ஓட்டுபவர் இருக்கைக்கு அடியில்தான் பெட்ரோல் தொட்டி. அதன் மூடி தளர்ந்து ஒழுகியிருக்கிறது, தொட்டி உடையவில்லை என்று பார்த்துவிட்டு வெளியே வந்தார். வடக்கயிறும் மூங்கில் கழிகளும் கொண்டு ஆட்கள் எல்லோரும் சேர்ந்து நெம்பி, இழுத்து, ஜீப்பைச் சக்கரத்தின்மேல் நிறுத்தினார்கள். அதைப் பாதைக்கு ஏற்றும்வரை அந்தப் பெண் என் மணிக்கட்டை நெரித்துக்கொண்டே இருந்தாள்.

ஜீப் நின்றதும் கணவன் ஓடி வந்தான். "கெளப்புங்கம்மா. நேரமாகுதுங்க."

"இப்பக் கெளப்பக் கூடாது."

"ஏங்க?"

"தலகீழாக் கெடந்துச்சில்ல, எஞ்சின்ல ஆயில் போகக் கூடாத எடத்துக்கெல்லாம் போயிருக்கும். அப்படியே கெளப்புனா உள்ள ஒடஞ்சு போயிரும். அப்புறம் வண்டியே இல்ல."

அவன் கோபம் அப்போதுதான் வெளியே வந்தது. "வண்டிய நம்பி ஏறுனோம், கவுத்துட்டீங்க. இப்ப என் பொண்டாட்டிய வுட்டுப்போட்டு வண்டியப் பாக்கறீங்க. நீங்க பாருங்க, நாங்க டோலி கட்டித் தூக்கிட்டுப் போறோம்." கூட நின்றவர்கள் உடனே இரண்டு கழிகளை எடுத்துப் போர்வையை முடிச்சுப் போட ஆரம்பித்தார்கள். உண்மையைச் சொன்னால் எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. மனிதர்களின் தோள் கவிழாது.

டாக்டரம்மா அவனுக்கு நேராக வந்து நின்றார். "தூக்கிட்டுப் போனா அரூர் சேர இருட்டிரும். அதுவரைக்கும் கொழந்த தாங்காது. அவங்களும் தாங்க மாட்டாங்க. எனக்குக் கொஞ்ச நேரம் குடுங்க."

"மறுபடி கவுறாதுன்னு சொல்லுவீங்களா?"

"இப்பச் சொல்ல மாட்டேன். பாத்துட்டுத்தான் சொல்லுவேன்."

அவர் சமாதானமாக எதையாவது சொல்லியிருந்தால் அவன் போயிருப்பான் என்றே நினைக்கிறேன். அந்தப் பதில் அவனை நிறுத்தியது. முடிச்சுப் போட்டவர்களைப் பார்த்துக் கையைக் காட்டினான்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் பாதையோரத்து மேட்டில் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு கை அவளுடைய வயிற்றில், கண்ணெல்லாம் கீழே. டாக்டரம்மா எஞ்சின் மூடியைத் திறந்து, காற்றாடி இறக்கை எதிலும் உரசுகிறதா என்று கையால் சுற்றிப் பார்த்தார். நான்கு பிளக்குகளையும் கழற்றினார். முன்னால் இரும்புக் கைப்பிடியைச் செருகி, கணவனைச் சுற்றச் சொன்னார். அவன் ஆத்திரத்தையெல்லாம் சேர்த்துச் சுற்றினான். பிளக் இருந்த ஓட்டைகளிலிருந்து கருத்த ஆயில் பீச்சியடித்து அவன் முகத்திலும் மார்பிலும் தெறித்தது. அவன் அப்படியே நின்றுவிட்டான். எதற்காகக் காத்திருக்கிறோம் என்பது அவனுக்கு அப்போது புரிந்திருக்க வேண்டும். கைப்பிடியை மறுபடி பிடித்து, ஆயில் வருவது நிற்கும்வரை சுற்றினான். டாக்டரம்மா பிளக்குகளைத் துடைத்து மறுபடி மாட்டினார். ஒருவர் சுரைக்குடுவையில் ஊற்றுத் தண்ணீர் கொண்டுவந்து ரேடியேட்டரில் ஊற்றினார். இன்னொருவரிடம் ஸ்டியரிங்கைத் திருப்பச் சொல்லிவிட்டு, முன்சக்கரம் இரண்டும் சேர்ந்து திரும்புகின்றனவா என்று டாக்டரம்மா தரையில் படுத்துப் பார்த்தார். சக்கரத்து நட்டுகளை ஒவ்வொன்றாக முறுக்கினார். ஆயில் அளவு பார்க்கும் குச்சியை உருவிப் பார்த்தார். இடையிடையே மேலே திரும்பி, "சிஸ்டர்?" என்று மட்டும் கேட்பார். நான் குழலை வைத்துக் கேட்டுவிட்டு, "இருக்குங்க" என்பேன். மூன்றாவது முறையோ நான்காவது முறையோ, துடிப்பு முன்பிருந்ததைவிட மெதுவாகியிருந்தது. அதையும் சொன்னேன். அவர் தலையசைத்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்.

கடைசியாகப் பிரேக்கை மிதித்துப் பார்த்தார். மிதி தரைவரை போய்ப் படுத்துக்கொண்டது. பின்சக்கரம் ஒன்றுக்குப் போகும் குழாய் பாறையில் உரசிக் கிழிந்து, பிரேக் எண்ணெய் ஒழுகிப்போயிருந்தது. கைபிரேக் வெகுநாளாகவே பெயருக்குத்தான் இருந்தது. மலையில் ஏறுவதற்குப் பிரேக் இல்லாவிட்டாலும் போகட்டும். நாங்கள் இறங்க வேண்டியிருந்தது. டாக்டரம்மா ஜீப்பின் படியில் உட்கார்ந்து, அந்தப் பகல் முழுவதிலும் முதல் தடவையாகக் கண்ணை மூடினார். பிறகு எழுந்து, "உங்க பையில வெளக்கெண்ணெய் இருக்கா?" என்று என்னைக் கேட்டார்.

பிரசவப் பையில் அது இல்லாமல் அந்தக் காலத்தில் யாரும் வெளியே போவதில்லை. பட்டாளத்தில் அவர் அப்பா எப்போதோ பிரேக் எண்ணெய்க்குப் பதிலாக அதை ஊற்றினாராம். வேறு வழியில்லாத நேரத்தில் மட்டும், அதுவும் வீடு போய்ச் சேரும்வரைக்கும்தான் என்று சொல்லியிருக்கிறாராம். கிழிந்த குழாயை மூங்கில்காரர் ஒருவரைக் கொண்டு கல்லில் வைத்துத் தட்டி, மடித்து, மறுபடி தட்டி அடைத்தார். விளக்கெண்ணெயில் என் பையிலிருந்த ஸ்பிரிட்டைக் கலந்து ஊற்றினார். கணவனை உட்காரவைத்து மிதிக்கச் சொல்லி, மிதிக்கச் சொல்லி, குழாயிலிருந்த காற்றை வெளியே விட்டார். மிதி பாதிவரை எழுந்து நின்றது.

"இப்பச் சொல்றேன், கேட்டுக்கங்க" என்று அவனிடம் சொன்னார். "எஞ்சின் நல்லாருக்கு. ஸ்டியரிங் நல்லாருக்கு. பிரேக்கு பாதிதான் புடிக்குது. எவ்வளவு நேரம் புடிக்கும்னு எனக்குத் தெரியாது. சின்ன கியர்லயே எறக்கிருவேன்னு நெனைக்கறேன். உங்க பொண்டாட்டி, நீங்கதான் சொல்லோணும்."

அவன் மனைவியிடம் போய்க் குனிந்து ஏதோ கேட்டான். அவள் என்ன சொன்னாள் என்று அருகில் இருந்த எனக்கே கேட்கவில்லை. திரும்பி வந்து பாதையோரத்தில் கிடந்த ஒரு பெரிய கல்லைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். "நீங்க ஓட்டுங்க. நா கூடவே வர்றனுங்க. நிக்கலீன்னா சக்கரத்துல போட்டுர்றேன்."

அப்படித்தான் இறங்கினோம். எஞ்சின் முதலில் வெள்ளைப் புகையைக் கக்கிக் கக்கி இருமியது. பிறகு ஒரு நிலைக்கு வந்தது. நடக்கும் வேகம்தான். ஒவ்வொரு வளைவிலும் பள்ளத்தின் பக்கம் ஆகாயம் மட்டுமே தெரியும். பின்புறத் திறப்பு வழியாக அவன் தோளும் கல்லும் வளைவுக்கு வளைவு தெரிந்து மறைந்தன. ஓர் இடத்தில் மிதி மறுபடி தரைக்குப் போய்விட்டது. "கல்லு!" என்று டாக்டரம்மா கத்தினார். அடுத்த கணம் சக்கரம் எதிலோ ஏறி அதிர்ந்து நின்றது. அவர் மிதியைப் பலமுறை அழுத்திப் பார்த்து, கொஞ்சம் எழும்பியதும், "எடுத்துக்கங்க" என்றார். அவன் கல்லை எடுத்துக்கொண்டான். பின்னால் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு முனகிக்கொண்டிருந்தாள். குழலைக் காதில் வைத்தாலும் எஞ்சின் சத்தத்தில் எனக்கு எதுவும் கேட்கவில்லை. இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே வந்தேன்.

அடிவாரத்தில் கல்லைப் போட்டுவிட்டு அவன் முன்னால் ஏறிக்கொண்டான். டாக்டரம்மா அவனுக்கு கியர் கம்பியைக் காட்டி, "நா சொல்றப்ப இதப் புடிச்சு இப்படி இழுங்க" என்றார். வண்டியே ஏறியிராத மனிதன், அரூர்வரைக்கும் கியர் போட்டுக்கொண்டு வந்தான். அடிபட்ட வண்டி, ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கப் பயப்படுகிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் ஆட்கள் ஓடி வந்து அவளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நானும் கூடவே உள்ளே போய்விட்டேன். ஆண் குழந்தை. முதலில் அழவில்லை, நீலமாக இருந்தது. காலைப் பிடித்துத் தட்டி, வாயைத் துடைத்து, தேய்த்து, நாங்கள் நம்பிக்கை இழக்கும் நேரத்தில் ஒரு சின்னத் தும்மல்போல மூச்சு வந்தது. பிறகு அழுகை. தாயும் பிழைத்துக்கொண்டாள். அதைச் சொல்வதற்காக வெளியே ஓடி வந்தேன். டாக்டரம்மா இன்னும் ஓட்டுநர் இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தார். இடது கையை முந்தானையில் சுற்றி மடியில் வைத்திருந்தார். முகத்தில் இரத்தமே இல்லை.

"ரெண்டு பேரும் நல்லாருக்காங்க. எறங்குங்க."

"கதவுப் பக்கம் வாங்க சிஸ்டர். என்னப் புடிச்சுக்கங்க."

முந்தானையைப் பிரித்தேன். மணிக்கட்டு இரண்டு பங்காக வீங்கி, திசை மாறி வளைந்திருந்தது. மலைமேல் புரண்டபோதே முறிந்திருக்கிறது. அவர் அங்கே செய்த வேலைகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். கைப்பிடியைச் சுற்றியவர் வேறு, குழாயைத் தட்டியவர் வேறு. எல்லாமே அவர் ஒரு கையால் செய்ததும் பிறரைச் செய்யச் சொன்னதும்தான்.

எலும்பு கூடியது, ஆனால் மணிக்கட்டு பழையபடி மடங்கவில்லை. அறுவை மருத்துவம் மேற்படிப்புப் படிக்க அவருக்கு மறு வருடம் இடம் கிடைப்பதாக இருந்தது. அதை விட்டுவிட்டு, தடுப்பூசி, காய்ச்சல் என்று ஊர் ஊராகச் சுற்றும் வேலைக்கு மாறிப் போனார். நானும் கடத்தூருக்கு மாற்றலானேன். பல வருடங்கள் கழித்து, சேலத்தில் ஒரு கல்யாண வீட்டில் பந்தியில் டாக்டரம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார நேர்ந்தது. தண்ணீர் டம்ளரைக்கூட அவர் சாப்பிடுகிற வலது கையாலேயே நகர்த்திவைத்ததைப் பார்த்ததும், அத்தனை காலமாக எனக்குள் கிடந்ததைக் கேட்டேன்.

"அன்னிக்கு எல்லாரையும் பாத்தீங்க. வண்டில ஒரு நட்டு விடாமப் பாத்தீங்க. உங்க கைய மட்டும் ஏன் பாக்காம விட்டீங்க?"

அவர் இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பாத்திருந்தா ஓட்டியிருக்க மாட்டேன், சிஸ்டர்."